கூரையில் தங்கும் கோடை

சித்திரை பிறந்தபின், மேல்தளம் இல்லாத கற்காரை வீடு எதிலும் இரவு ஒன்பது மணிக்கு ஓர் எளிய ஆய்வைச் செய்து பார்க்கலாம். முக்காலி ஒன்றின்மேல் ஏறி, உள்ளங்கையைக் கூரையின் அடிப்புறத்தில் பதித்தால் வெம்மை கையில் உறைக்கும். அதே கையைத் தரையில் வைத்தால் தண்மை தெரியும். சுவர்கள் இரண்டுக்கும் இடைப்பட்டவை. அவற்றுள்ளும் மேற்குச் சுவர் கூரையின் பக்கமே சாயும். கதிரவன் மறைந்து இரண்டரை மணிநேரம் ஆகிவிட்டது; தெருவில் காற்றும் தணிந்துவிட்டது. ஆயினும் அறைக்குள் படுத்திருப்பவர் உறக்கமின்றிப் புரள்கிறார். அவரை வாட்டும் வெயில் பகலில் எரிந்த அதே வெயில்தான். இப்போது அது வானத்திலிருந்து வரவில்லை, கூரையிலிருந்து இறங்குகிறது.

கோடையை வீட்டிலிருந்தபடியே எதிர்கொள்ளும் வழிகளைப் பேசத் தொடங்குவோர் இளநீர், நுங்கு, மோர் என வயிற்றிலிருந்தே தொடங்குவர். அவை நல்லவைதாம். ஆயினும் நம் நாட்டு வீடுகளைப் பொறுத்தவரை கூரையிலிருந்து தொடங்குவதே முறை. அதற்கான காரணம் வானில் கதிரவன் செல்லும் பாதையில் இருக்கிறது.

சென்னை ஏறத்தாழ 13 பாகை வடக்கு அகலாங்கில் அமைந்த நகரம். ஏப்பிரல் 25ஆம் நாளையொட்டி அங்கே நண்பகல் கதிரவன் சரியாக உச்சிக்கு மேலே வந்து நிற்கும். நட்டுவைத்த கோலுக்கு அப்போது நிழல் விழாது. மதுரையில் இது ஒரு வாரத்துக்கும் முன்னதாகவே நிகழ்ந்துவிடும். அதன்பின் மே முழுவதும் கதிரவன் உச்சியை ஒட்டியே செல்வதால், தெற்குச் சுவருக்கும் வடக்குச் சுவருக்கும் நேர்வெயில் மிகக் குறைவு. கிழக்குச் சுவர் காலையிலும் மேற்குச் சுவர் பிற்பகலிலும் வெயிலை வாங்கும். ஆனால் காலை முதல் மாலை வரை ஓய்வின்றி வாங்குவது கூரை ஒன்றே. முகிலற்ற நண்பகலில் ஒரு சதுர மீட்டர் கிடைப்பரப்பின்மீது விழும் கதிராற்றல் ஏறத்தாழ 900 முதல் 1,000 வாட் வரை. அறுநூறு சதுர அடிக் கூரை என்றால், ஐம்பது மின்னடுப்புகளை மொட்டைமாடியில் வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் எரியவிட்டது போன்ற நிலை அது.

இந்த ஆற்றலில் எவ்வளவு உள்ளே இறங்கும் என்பதைப் பரப்பின் நிறம் முதலில் முடிவு செய்கிறது. மழையும் பாசியும் கண்டு கருத்துப்போன காரைப்பரப்பு, தன்மேல் விழுந்த கதிரில் முக்கால் பங்கு வரை உறிஞ்சிக்கொள்ளும். அதன் வெப்பநிலை செல்சியசு அளவையில் 60 பாகையைத் தாண்டுவது அரிதன்று. உறிஞ்சிய வெப்பம் கீழ்நோக்கி ஊர்ந்து வருகிறது. ஐந்து அங்குலத் தடிப்புள்ள கற்காரைப் பலகத்தைக் கடக்க அதற்கு மூன்று நான்கு மணிநேரம் பிடிக்கும். எனவே மேற்பரப்பு பகல் ஒரு மணிக்கு உச்சத்தை எட்டினால், அடிப்பரப்பு மாலை ஐந்து மணியளவில்தான் உச்சத்தை எட்டும். கற்காரை எடைமிக்க பொருள். ஒரு சதுர மீட்டர்ப் பலகம் ஏறத்தாழ 300 கிலோ இருக்கும். அந்த எடை முழுவதும் சூடேறியபின் ஒரே நொடியில் ஆறிவிடாது. நள்ளிரவு கடந்தும் சிறிது சிறிதாக வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருக்கும்.

அப்படி வெளிவிடும் வெப்பத்தில் பெரும்பகுதி கதிர்வீச்சாகவே நம்மை வந்தடைகிறது என்பது பலரும் கருத்தில் கொள்ளாத செய்தி. நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 35 பாகை. தோலைவிடக் குளிர்ந்த பரப்பு நம்மைச் சூழ்ந்திருந்தால், நாம் அதை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசி ஆறுதல் அடைவோம். தலைக்குமேல் 40 பாகைக் கூரை இருந்தாலோ கொடுக்கல் வாங்கல் திசைமாறி, அது நம்மை நோக்கி வீசத் தொடங்கும். இடையிலுள்ள காற்று எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் இந்தக் கதிர் நிற்காது. சுவரில் தொங்கும் வெப்பமானி 32 காட்டும்போதும் ‘அனல் அடிக்கிறது’ என்று வீட்டிலுள்ளோர் சொல்வது வெறும் மனமயக்கம் அன்று. வெப்பமானி காற்றை அளக்கிறது. உடலோ கூரையையும் சேர்த்தே அளக்கிறது.

பழைய கட்டடங்களில் இத்துன்பம் குறைந்திருந்ததை அங்கு வாழ்ந்தோர் அறிவர். மெட்ராசு டெரசு எனப் பெயர்பெற்ற கூரை இதற்கு நல்ல சான்று. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாக்கில் நெருக்கி அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பர். அதன்மேல் செங்கற்சல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையைக் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் கட்டையால் அடித்து இறுக்குவர். எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு. மொத்தத் தடிப்பு ஏறக்குறைய ஓரடியை நெருங்கும். செங்கற்சல்லிக் காரையினூடே நுண்ணிய காற்றறைகள் மிகுதி. அதன் வெப்பக் கடத்துத்திறன் கற்காரையினுடையதில் ஏறத்தாழ பாதிதான். தடிப்பு இருமடங்கு, கடத்தல் பாதி என்றாகும்போது பகல் வெப்பம் அறையை எட்டுமுன்பே இரவு வந்துவிடும். அந்தக் கூரைகள் பன்னிரண்டு அடிக்கும் மேலான உயரத்தில் இருந்தன. சூடேறி மேலெழுந்த காற்று, கூரையை ஒட்டிய துளைகளின் வழியே வெளியேறியது. இன்றோ பத்தடி உயரத்தில் ஐந்து அங்குலப் பலகம் ஒன்றை வார்த்து, அதன்மேல் போட வேண்டிய சல்லிக்காரையையும் தட்டோட்டையும் செலவு மிச்சம் என்று விட்டுவிடுகிறோம். சில ஆயிரம் உரூபாயை மிச்சம் பிடித்த அந்த முடிவுக்கு, பிறகு ஒவ்வொரு கோடையிலும் மின்கட்டணமாக வட்டி கட்டுகிறோம்.

கட்டி முடித்த வீட்டைத் திருத்த வழியில்லையா எனின், உண்டு. அவற்றுள் மலிவானது வெள்ளையடிப்பு. தூய வெண்சுண்ணம் பூசிய பரப்பு தன்மேல் விழும் கதிரில் முக்கால் பங்குக்கு மேலும் திருப்பியனுப்பும். கருத்த பரப்பு உறிஞ்சும் அளவை இது திருப்பிவிடுகிறது என்றால் கணக்கு எவ்வளவு மாறும் என எளிதில் உணரலாம். பங்குனியில் மாடியைக் கூட்டி, பாசியைச் சுரண்டிக் கழுவி, நன்கு நீற்றிய சுண்ணாம்பைப் பசை சேர்த்து இருமுறை பூச வேண்டும். இந்தப் பூச்சு ஓராண்டுக்கு மட்டுமே நிற்கும். புழுதியும் மழையும் வெண்மையைத் தின்றுவிடும். கடைகளில் கிடைக்கும் வெண்பூச்சுகளும் வெள்ளை ஓடுகளும் கூடுதல் காலம் உழைக்கும், விலையும் அதற்கேற்பக் கூடும்.

வெள்ளையடிப்பினும் மேலானது நிழல். தென்னங்கீற்றோ பச்சை வலையோ எதுவாயினும், அதை மாடித்தரையில் பரப்பிவிடாமல் ஐந்தாறு அடி உயரத்தில் பந்தலாகப் போடுவதே சிறப்பு. கதிர் பந்தலோடு நின்றுவிடும். பந்தல் சூடேறினாலும் இடையே ஓடும் காற்று அந்தச் சூட்டைக் கொண்டுபோய்விடும். கதிரவ மின்தகடுகளைப் பதித்த வீடுகளில் கீழறை தணிந்திருப்பதற்கும் காரணம் இதுவே.

மாலையில் மாடியில் நீர் ஊற்றும் பழக்கத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோசூல் வெப்பம் வேண்டும். அவ்வளவு வெப்பமும் அடியிலுள்ள ஒரு சதுர மீட்டர்க் கற்காரையிலிருந்தே எடுக்கப்பட்டால் அப்பலகம் 9 பாகை வரை குளிரும். நடைமுறையில் ஒரு பங்கு காற்றிலிருந்தும் எடுக்கப்படும். என்றாலும் பயன் பெரிது. குடம் குடமாகக் கொட்டினால் நீர் குழாய்வழியே ஓடிவிடுமே தவிர ஆவியாகாது. சாக்குகளை விரித்து அவற்றை நனைத்துவைப்பதே சிக்கனம். குடிநீருக்கே வண்டியை எதிர்பார்த்து நிற்கும் தெருக்களில் துணி அலசிய நீர் இதற்குப் போதும். இரவில் மாடியில் படுப்போர், தரையை நனைத்து ஆறவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுப்பது நலம். வறண்ட தெளிந்த வானம் இரவில் நம் உடல் வெப்பத்தையும் கூரை வெப்பத்தையும் ஏற்று விழுங்க வல்லது. சிலப்பதிகாரம் பேசும் நிலாமுற்றத்தில் அழகோடு இயற்பியலும் இருந்தது. கடற்கரை ஊர்களில் காற்றிலுள்ள நீராவி அந்தக் கதிரைத் தடுத்துத் திருப்புவதால் பயன் குறையும்.

தகரமும் கல்நார்த் தகடும் வேய்ந்த வீடுகளின் நிலை வேறு. தகட்டில் தேக்கிவைக்க எடை இல்லை. வெயில் பட்ட சில மணித்துளிகளில் அடிப்பரப்பும் கொதிக்கும், கதிரவன் மறைந்ததும் விரைந்து ஆறும். அங்கே இரவைவிடப் பகலே கொடிது. கைக்குழந்தையையும் முதியோரையும் நண்பகலில் அதனடியில் விட்டுவைப்பது தீங்கு. வெண்பூச்சின் பயன் மிக விரைவாகத் தெரிவதும் இவ்வீடுகளில்தான். தெலங்கானா அரசு 2023இல், வெயிலைத் திருப்பியனுப்பும் இத்தகைய குளிர்கூரைக்கெனவே தனிக் கொள்கை வகுத்தது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் வெப்பத்தால் இறந்தோர் குடும்பத்துக்கு இழப்பீடு கிட்டும். இறப்புக்குப் பின் தரும் தொகையில் ஒரு சிறு பங்கை முன்னதாகவே சுண்ணாம்பாக்கித் தகரக் கூரைகளில் பூசினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

கூரைக்கு அடுத்தது சாளரம். வெயில் விழும் கண்ணாடிச் சாளரத்துக்கு உட்புறம் திரையிடுவது பாதி வேலை. ஒளியாகக் கண்ணாடியைக் கடந்து வந்த ஆற்றல் திரையில் பட்டு வெப்பமாக மாறிவிட்டால், மீண்டும் கண்ணாடி வழியே வெளியேற இயலாது, அறைக்குள்ளேயே தங்கிவிடும். மூங்கில் தட்டியையோ நனைத்த கோணியையோ வெளிப்புறம் தொங்கவிட்டால் சண்டை வாசலிலேயே முடிந்துவிடும். மேற்குச் சுவருக்குப் பந்தற்கொடியும் தாழ்வாரமும் இதே பணியைச் செய்கின்றன.

சாளரத்தை எப்போது திறப்பது என்பதில் ஊருக்கு ஊர் வேறுபாடு உண்டு. திருச்சியிலும் வேலூரிலும் காலை எட்டரை ஒன்பது மணிக்குள் வெளிக்காற்று உட்காற்றைவிடச் சூடேறிவிடும். அப்போதே கதவு சாளரங்களை அடைத்துவிட்டு, பொழுது சாய்ந்து வெளிக்காற்று தணிந்தபின் எதிரெதிர்ச் சாளரங்களை அகலத் திறக்க வேண்டும். சென்னையில் அப்படியன்று. அங்கே நண்பகலையொட்டிக் கடற்காற்று புகும். கிழக்குச் சாளரத்தை அப்போது திறப்பதே அறிவுடைமை. அக்காற்று வராத நாள்தான் சென்னைக்குக் கொடுநாள். மே இறுதியில் வலுக்கும் மேலைக்காற்று கடற்காற்றைக் கரையேறவிடாமல் தடுத்துவிடும். நுங்கம்பாக்கத்தில் 45 பாகை பதிவான நாள் 2003 மே 31. வழக்கமாகக் கத்திரி முடிந்துவிட்ட பிறகு வரும் நாள் அது. வெப்பத்துக்கு நாட்காட்டி தெரியாது. காற்றின் திசைதான் தெரியும்.

இதுவரை பேசியது கூரையும் சுவரும். உடலின் கணக்கு ஈரப்பதத்தைச் சேர்க்காமல் நிறைவுறாது. அமைதியாக அமர்ந்திருக்கும் வளர்ந்த ஒருவரின் உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை ஈன்றுகொண்டே இருக்கிறது. சுற்றுப்புறம் 35 பாகையைத் தாண்டியபின் இதை வெளியேற்ற வியர்வையைத் தவிர வேறு வழியில்லை. மணிக்கு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர் வியர்வை ஆவியாக வேண்டும். ஆவியாக வேண்டும் என்பதே இங்கு உயிர்நிலை. துளித்துளியாய் உருண்டு தரையில் விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. நீரையும் உப்பையும் வீணே இழக்கச் செய்கிறது.

இரண்டு நாள்களை ஒப்பிடுவோம். வேலூரில் ஒரு பிற்பகல்: 41 பாகை, ஈரப்பதம் 25 விழுக்காடு. சென்னைக் கடற்கரையில் ஒரு பிற்பகல்: 36 பாகை, ஈரப்பதம் 65 விழுக்காடு. செய்தியில் வேலூரே முந்தும். ஆனால் குமிழை ஈரத்துணியால் சுற்றிய வெப்பமானியைக் காற்றில் வைத்தால், வேலூரில் 25 பாகையும் சென்னையில் 30 பாகையும் காட்டும். இதுவே ஈரக்குமிழ் வெப்பநிலை. வியர்வை ஆவியாகும் வேகம் சென்னையில், வேலூரில் உள்ளதில் பாதியாகக் குறைந்துவிடும். ஈரக்குமிழ் 35 பாகையைத் தொட்டால் நிழலில் ஆடையின்றி அமர்ந்திருக்கும் நலமான மனிதரும் சில மணிநேரத்துக்குமேல் தாக்குப்பிடிக்க முடியாது என 2010இல் சேர்வுட், ஊபர் ஆகிய ஆய்வாளர் இருவர் கணித்தனர். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வெப்ப அறையில் வைத்துச் செய்த ஆய்வு 2022இல் வெளிவந்தபோது, அந்த எல்லை ஈரமிகு சூழலில் 31 பாகையை ஒட்டியே இருப்பது தெரிந்தது. சென்னைப் பிற்பகலின் 30 அதற்கு எவ்வளவு அருகில் நிற்கிறது!

மின்விசிறியின் இயல்பும் இப்போது விளங்கும். அது காற்றைக் குளிர்விப்பதில்லை. தோலை ஒட்டி நிற்கும் ஈரக்காற்றை அகற்றி வியர்வையை விரைந்து ஆவியாக்குகிறது. ஆகவே ஆளில்லா அறையில் சுழலும் விசிறியால் யாதொரு பயனுமில்லை, இயந்திரச் சூடே மிச்சம். வறண்ட காற்று 40 பாகைக்கு மேல் போனால் விசிறி தீமையும் செய்யும். வியர்வை முன்னரே முழுதும் ஆவியாகிவிடுவதால், விசிறி கூடுதலாகத் தருவது சூடான காற்று மட்டுமே. அத்தகைய வேளையில் கை, கழுத்து, முகம் ஆகியவற்றை நீரால் நனைத்துக்கொண்டு விசிறியின் முன் அமர வேண்டும். வியர்வைக்கு மாற்றாக வெளிநீர் ஆவியாகும். வியர்வைச் சுரப்பிகள் தளர்ந்த முதியோருக்கு இதனினும் மலிவான காப்பு வேறில்லை.

வெட்டிவேர்த் தட்டியும், ஏர்கூலர் என விற்கப்படும் பெட்டியும் காற்றை ஈரக்குமிழ் அளவை நோக்கியே இறக்கும். மேற்கண்ட கணக்கின்படி வேலூரில் அவற்றுக்கு 16 பாகை இடம் உண்டு. சென்னையில் 6 பாகையே. அந்தப் பெட்டியை வைத்துவிட்டுச் சாளரத்தைச் சாத்துவது பெரும்பிழை. அறையில் ஈரம் ஏற ஏறக் குளிர்ச்சி நின்று புழுக்கம் மட்டும் எஞ்சும்.

குளிர்பதனியைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். அதன் திறனை ‘டன்’ என்று அளக்கிறோம். ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுவதும் உருகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், அதாவது ஏறத்தாழ மூன்றரைக் கிலோவாட் என்பது அதன் பொருள். பனிக்கட்டியைச் சென்னை முன்பே கண்டிருக்கிறது. அமெரிக்க வணிகர் பிரெடரிக் டியூடர் பாசுடன் பகுதி ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டிகளை மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றிக் கொணர்ந்து, 1842இல் கடற்கரையில் எழுப்பிய கிடங்கில் சேர்த்துவைத்தார். ஐசு அவுசு எனப்பட்ட அக்கட்டடமே இன்றைய விவேகானந்தர் இல்லம். கடலில் மாதக்கணக்கில் பயணம் செய்த பனிக்கட்டியைக் காத்தது வெப்பத்தைத் தடுக்கும் பொதிவுதான். அந்தப் பாடத்தை மறந்து, வெந்த கூரைக்கு அடியில் குளிர்பதனியைப் பூட்டி 18 பாகையில் வைக்கிறோம். அது அறைச்சூட்டோடு தன் மின்சூட்டையும் சேர்த்துத் தெருவில் கொட்டுகிறது. எதிர்வீட்டுக்காரர் சாளரத்தைச் சாத்துகிறார். கூரையைத் தணித்து, விசிறியையும் ஓடவிட்டு, 26 பாகையில் வைத்தாலே போதும்.

அடுக்களையில் விடியற்காலையிலேயே உலையை இறக்கிவிடுவதும், நீராகாரமும் கம்மங்கூழும் உப்பிட்ட மோருமாகப் பகலைக் கடத்துவதும் நம் வீடுகளுக்குப் புதியன அல்ல. அடுப்பு எரியாத ஒவ்வொரு மணியும் அறைக்கு ஆதாயம்.

வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு கிழமை வேண்டும். அதற்குள் குருதியின் நீர்ப்பகுதி பெருகும், வியர்வை முன்னதாகவே ஊறும், அதில் உப்பும் குறையும். ஆகவே கோடையின் முதல் வெப்ப அலையே மிகுதியாகத் தாக்கும். அகமதாபாத்தில் 2010 மே மாதத்தில் 46.8 பாகை வரை ஏறிய வெப்பம், அந்த ஒரு மாதத்தில் மட்டும் வழக்கத்தைவிட 1,344 இறப்புகளைக் கூடுதலாக்கியது. அதன் விளைவாகவே அந்நகரம் 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. முதியோர்க்கு வேட்கை உணர்வு மங்கியிருக்கும். கேட்டால் ‘தண்ணீர் வேண்டாம்’ என்பர். கேளாமலே கொடுக்க வேண்டும். குருதியழுத்தத்துக்கெனச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை உண்போர் கோடை தொடங்குமுன் மருத்துவரிடம் ஒருமுறை பேசிக்கொள்வது நலம்.

தலைச்சுற்றலும் குமட்டலும் தசைப்பிடிப்பும் எச்சரிக்கைகள். பேச்சுக் குழறி, ஆள் அடையாளம் தெரியாமல், உடல் 40 பாகைக்கு மேல் கொதித்தால் அது வெப்பத்தாக்கு, உயிரைப் பறிக்கவல்லது. காய்ச்சல் என்று கருதிப் பாரசிட்டமால் கொடுத்தல் தவறு. காய்ச்சலில் மூளையே உடலின் வெப்ப இலக்கை உயர்த்திவைக்கிறது. மாத்திரை அந்த இலக்கை இறக்கும். வெப்பத்தாக்கில் இலக்கு மாறவில்லை, குளிர்விக்கும் முறைதான் தோற்றுவிட்டது. மாத்திரைக்கு அங்கே வேலையில்லை. 108க்குச் சொல்லிவிட்டு, உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஆடை தளர்த்தி, உடல் முழுவதும் நீர் ஊற்றி விசிற வேண்டும். பனிக்கட்டி இருந்தால் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் துணியில் சுற்றி வைக்கலாம். நினைவு தெளியாதவர் வாயில் நீர் புகட்டலாகாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். வண்டி வந்து நிற்கும்வரை நீர் ஊற்றுவதையும் விசிறுவதையும் நிறுத்தாமல் தொடர வேண்டும்.